பர்மா தேக்கும் பருத்திப்பட்டு மூளையும்

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மை தடவிக் கழித்துக் கட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இன்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களில் மூன்றுதான் தரையைத் தொடுகின்றன. நாலாவதற்கு அடியில் மடித்த அட்டை ஒன்று இருக்கிறது. அது என்னுடைய பணிநிறைவு விழா அழைப்பிதழ் என்பதை, வருகிற விருந்தாளிகளுக்கு என் மனைவி சாம்பார் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

வியாதி தொற்றிய இடம் முட்டுக்காடு. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மறுபடியும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடு, நெசவாளர் வீடு, அக்கிரகாரத்து வீடு. பிள்ளைகள் பானை வனைந்தார்கள், கிளி ஜோசியம் பார்த்தார்கள், அத்தோடு அதை மறந்தும் போனார்கள். நான் மட்டும் ஒரு தேக்குத் தூணைத் தடவிக்கொண்டே நின்றேன். அந்த வீடுகளை மீட்டெடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதே தொழிலைச் செய்யும் தச்சர்களும் கொத்தனார்களும் என்று அங்கே சொன்னார்கள். என் காதில் ‘மீட்டெடுத்தார்கள்’ மட்டும் விழுந்தது.

எங்கள் வீடு பருத்திப்பட்டில், ஆவடி – பூந்தமல்லி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கான்கிரீட் வீடு. தொண்ணூறுகளில் கட்டியது. மொசைக் தரை, ஸ்டீல் பீரோ, இரும்பு மடக்கு நாற்காலி, வயர் பின்னிய கட்டில் என்று அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்தின் சகல லட்சணங்களும் அதற்கு உண்டு. இதையெல்லாம் ‘ரஸ்டிக்’ ஆக்குவது, அதாவது நாட்டுப்புறத்துப் பழசாகத் தெரியவைப்பது என்று முடிவெடுத்தேன். முதல் காரியமாக, வீட்டில் இருந்த மடக்கு நாற்காலிகளையும் கட்டிலையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். பழசின் மேல் எனக்கு வந்த காதல், என் வீட்டுப் பழசை வெளியேற்றுவதில்தான் தொடங்கியது. அதே மாதிரி மடக்கு நாற்காலியை அண்மையில் ஒரு காபிக் கடையில் பார்த்தேன். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்களாம். உட்காரக் கூடாதாம்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் உரியதல்ல என்பது ஒரு சின்ன ஆறுதல். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்கிற அம்மையார் 1990-இல் சாக் பெயின்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அடித்து, காய்ந்தபின் ஓரங்களில் தேய்த்துவிட்டால் நேற்று வாங்கிய அலமாரி நூறு வருடத்துச் சொத்தாகத் தெரியும். உலகம் முழுக்கப் புதுசைப் பழசாக்க ஒரு கூட்டம் காசு செலவழிக்கிறது. நான் அதைவிட ஒரு படி மேலே போனேன். நிஜமான பழசைக் காசு கொடுத்து வாங்கி, அதைப் புதுசும் இல்லாமல் பழசும் இல்லாமல் ஆக்கினேன்.

மேசை அப்படி வந்ததுதான். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்திரம் விற்கும் கடை ஒன்றில் இரட்டைக் கதவு ஒன்றைப் பார்த்தேன். குமிழ் வைத்த சட்டம், கனத்த நாதாங்கி. “பர்மா தேக்கு சார்” என்றார் கடைக்காரர். செட்டிநாட்டார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்ததும், கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் அது தூண் தூணாக நிற்பதும் வரலாறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அந்த வரலாற்றை வைத்துப் பிழைக்கின்றன. அந்தப் புகழ் எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் எந்தப் பலகையும் பர்மாப் பலகை ஆகிவிட்டது. பழைய மரக் கடைக்காரர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பர்மாவில் பல் குத்தக்கூட ஒரு குச்சி மிஞ்சியிருக்காது. இந்தக் கணக்கு எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, விலையைக் குறைக்கச் சொன்னால் என் ரசனையைச் சந்தேகிப்பாரோ என்று கேட்ட காசைக் கொடுத்தேன். கரையான்சாவடி வழியாகத்தான் டெம்போவில் ஏற்றி வந்தோம். சகுனம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கதவைப் படுக்கப்போட்டுக் கால் அடித்தால் மேசை. இணையத்தில் அப்படித்தான் காட்டினார்கள். கதவில் சட்டம் மேலே நிற்கும், பலகை உள்ளே அமுங்கியிருக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. தட்டை வைத்தால் பாதி பள்ளத்தில், பாதி மேட்டில். ரசம் எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடியது. மேலே கண்ணாடி போட்டேன். குமிழ்கள் இடித்துக் கண்ணாடி ஆடியது. குமிழைச் சீவினேன். பிறகு நாதாங்கி. அழகுக்காக அதை விட்டுவைத்திருந்தேன். சாப்பிடும்போது அது ஒவ்வொருவர் முழங்கையையும் தனித்தனியாக விசாரித்தது.

சில வாரங்கள் கழித்து மேசைக்கடியில் மாவு. “கோலமாவு எங்கிருந்துங்க கொட்டுது?” என்றாள் மனைவி. பெருக்கிவிட்டால் மறுநாள் மறுபடியும் அதே இடத்தில் அதே குவியல். அவளுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டாள். ஆவடியில் இழைப்புளி பிடித்தே முடி நரைத்தவர். வந்தவர் மேசையை விரல் முட்டியால் தட்டினார். பிறகு அடிப்பக்கத்தில் உளியால் மெலிசாக ஒரு சுருள் சீவி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார்.

“மோந்து பாருங்க சார்.”

முகர்ந்தேன். மரத்தில் மர வாசனைதான் வந்தது.

“தேக்குன்னா சீவுன ஒடனே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தோலு வாசன அடிக்கும். இது சட்டம் மட்டும் வேங்க. பலக பின்னாடி யாரோ மாத்தி இருக்காங்க. மாமரம். மேல காபி கலர் அடிச்சி வெச்சிருக்காங்க. எவ்ளோ குடுத்தீங்க?”

கொடுத்ததில் பாதியைச் சொன்னேன். அதற்கே தலையில் அடித்துக்கொண்டார்.

மாவு கொட்டியது வண்டின் வேலை. மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்னத்தான் வண்டின் புழு உள்ளே குடைகிறது. வைரம் பாய்ந்த தேக்கின் நடுக்கட்டையில் அதற்கு ருசிக்கிற சத்து குறைவு, பிடிக்காத எண்ணெய் அதிகம். மாமரமோ அதற்குக் கல்யாண விருந்து. துளை துளையாகப் பார்த்து ஊசிக்குழலால் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் ஆசாரி. அவர் மறுநாள் வருவதற்குள் நானே முடித்துவிடலாம் என்று மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். புழு செத்ததா தெரியவில்லை. அந்த மாதம் முழுக்க நாங்கள் தின்ற எல்லாவற்றிலும் ரேஷன் கடை மணத்தது.

மேசையோடு நின்றிருந்தால் வீட்டில் அப்பா நாற்காலி மிஞ்சியிருக்கும்.

அது நீளக் கை வைத்த, பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி. உள்ளதிலேயே அசல் பழசு அதுதான். அதனால்தானோ என்னவோ, அதை மட்டும் நான் எடைக்குப் போடவில்லை. கைகள் இரண்டும் முன்பக்கம் கறுத்து, கண்ணாடியாக வழவழத்திருந்தன. அழுக்கு என்று நினைத்தேன். தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். உப்புத்தாளில் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும் என்பது தொழிற்சாலையில் பயிற்சிக்கு வருகிற பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நூற்றெண்பது போடவேண்டிய இடத்தில் அறுபதைப் போட்டேன், சீக்கிரம் முடியுமே என்று. மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்க்காமல் குறுக்கே தேய்த்தேன், மெஷின் அந்தப் பக்கம்தான் வாகாகப் போனது என்று. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்றிய கருமையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிட்டேன்.

ஊரிலிருந்து வந்த அக்கா கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். “அப்பா சேர் எங்கடா?” என்றாள். காட்டினேன். “அது கடையில வாங்குனதுன்னு நெனச்சேன்” என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுவரைச் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பொறுக்காமல் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அன்றைக்கே வழங்கிய செல்லப்பெயர் ‘சுரண்டாதே சங்கம்’ என்ற பொருளில் இருந்தது. பழசைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பாதே, இருப்பது மேலும் கெடாமல் பார்த்துக்கொள், போதும் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சங்கத்துக்குப் பருத்திப்பட்டில் கிளை இல்லாமல் போனது அப்பாவின் துரதிர்ஷ்டம்.

இத்தனைக்கும் பாடம் பக்கத்திலேயே இருந்தது. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சந்நிதிக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. குறும்பர்களை வென்ற தொண்டைமான் அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்பது தலபுராணம். எருக்கு என்பது நம் ஊரில் குப்பைமேட்டுச் செடி. அது தூணாகுமா என்று பரிசோதகன் மூளை குறுகுறுத்தாலும், நான் அங்கே கண்டது வேறு. பூண் போட்டு வைத்திருக்கிறார்கள், விழுந்து கும்பிடுகிறார்கள். யாரும் மெருகேற்றக் கிளம்பவில்லை. கும்பிடப்படும் மரத்துக்கு அந்த வசதி உண்டு. உட்காரப்படும் மரத்துக்கு இல்லை.

சுரண்டியாயிற்று, பாலிஷ் போட வேண்டுமே. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, ஒத்தி ஒத்தி ஏற்றுகிற பாலிஷ். அரக்குப் பூச்சி தந்த பொருள், கை தந்த பளபளப்பு என்று மனைவியிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று ஐப்பசியில் ஆரம்பித்தேன். வெளியே அடைமழை. ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கே வந்து படிந்து பாலிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். வெள்ளை வெள்ளையாக மூட்டம் போடும். இந்த விஞ்ஞானம் எனக்கு நாற்காலி வெண்குஷ்டம் பிடித்து நின்ற பிறகு தெரிந்தது. மூட்டத்தை மறைக்க மேலே இன்னொரு பூச்சு. அதன்மேல் இன்னொரு மூட்டம். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, “தை பொறந்ததும் பாத்துக்கலாம். அதுவரைக்கும் கைய மட்டும் வெக்காதீங்க” என்றார். எந்தக் கை என்று கேட்டேன். “ஒங்க கை” என்றார்.

கை சும்மா இருக்குமா? பாலிஷ்தானே கூடாது, பிரம்பு பின்னலாமே. பழைய பின்னல் நடுவில் கிழிந்திருந்தது. பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீளவாட்டில் ஒரு அடுக்கு, குறுக்கே ஒரு அடுக்கு, மறுபடி நீளம், மறுபடி குறுக்கு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு வரிசை. காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். முறை இவ்வளவுதான். நான் பின்னியது காய்ந்ததும் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தொங்கி, மிதிபட்ட இடியாப்பத் தட்டாக நின்றது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பார்வைத் திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலை நம் நாட்டில் பல காலமாகப் பார்வையற்றவர்கள் கையில் இருந்த தொழில். அப்படிப் பின்னிப் பிழைத்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் இருப்பதாக விசாரித்து, ஆட்டோவில் நாற்காலியைக் கொண்டுபோய் இறக்கினேன். அவர் உட்கார்ந்து, விரல்களை ஒரு ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்தினார்.

“இந்தத் தொளையில ரெண்டு வாட்டி வுட்டுருக்கீங்க. அடுத்த தொளையில வுடவே இல்ல. இங்க பட்டைய திருப்பிப் போட்டுட்டீங்க, பளபளப்பு கீழ போயிடுச்சி.” இன்னும் நகர்த்தினார். “இதோ, இங்க வரும்போது நீங்க டீ குடிக்கப் போயிருக்கீங்க.”

போனது உண்மை. என் உத்தியோக காலம் முழுக்க நான் மற்றவர்கள் வேலையில் கண்டுபிடித்த குறைகளை, என்னைவிட வேகமாக, அளவுகருவி ஏதும் இல்லாமல், ஒருவர் என் வேலையில் கண்டுபிடித்தார். சிவப்பு மை தடவாதது ஒன்றுதான் குறை. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு அவரே பின்னித் தந்தார். வீட்டில் இன்று கோணாமல் இருக்கும் ஒரே பொருள் அந்த இருக்கைதான்.

அடுத்தது சுவர். செங்கல் தெரியும் சுவர் ரஸ்டிக்கின் அடையாளம். லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பூசாத செங்கலால் எத்தனை வீடு கட்டினார்! பூச்சைப் பெயர்த்தால் நமக்கும் ஒரு பேக்கர் சுவர் கிடைத்துவிடும் என்று கூடத்துச் சுவரில் சுத்தியலும் உளியும் வைத்தேன். பேக்கரின் சுவர் தெரிவதற்காகவே கட்டிய சுவர். செங்கல்லைப் பொறுக்கி எடுத்து, கட்டுமானத்தை ஒழுங்காக வைத்து, இடைவெளியைச் சீராக்கிக் கட்டியது. எங்கள் வீட்டுக் கொத்தனாருக்கோ எப்படியும் மேலே பூசப்போகிறோம் என்பது தெரியும். உடைந்த கல், வெந்தும் வேகாத கல், விரல் நுழையும் சந்து, அதில் திணித்த சிமென்டுச் சாக்குத் துண்டு எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. நடுவில் மின்சாரக் குழாயிலும் உளி இறங்கியது. வீடு இருண்டது. “நல்லா பழைய காலம் மாதிரியே இருக்குங்க” என்றாள் மனைவி, மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டே.

பெயர்த்ததை மூட வேண்டும். சிமென்டா? ரஸ்டிக்குக்கு இழுக்கு. சுண்ணாம்புச் சாந்து என்று முடிவுசெய்தேன். ஆற்காட்டு நவாபுக்காக 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தபோது, பொதுப்பணித் துறையினர் அதைச் சுண்ணாம்புச் சாந்தால்தான் மீட்டார்கள். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பது நம் பழைய முறை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாகும். சிமென்ட் அவசரக்காரன், சுண்ணாம்பு நிதானஸ்தன். நானோ சிமென்டின் குணத்தோடு சுண்ணாம்பு வேலைக்கு இறங்கியவன்.

பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும், மளிகைக் கடையில் மண்டை வெல்லமும் வாங்கி, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் ஊறவைத்தேன். நாலு பக்கமும் வாசனை கிளம்பியது. எறும்பு முதலில் வந்தது. அப்புறம் தெருவில் ஒரு மாதிரியான மௌனம். வெல்லம், கடுக்காய், டிரம், புளித்த வாடை. இந்த ஊரில் இதற்குக் கொத்தனார்கள் அறிந்த பொருள் ஒன்று, மற்றவர்கள் அறிந்த பொருள் இன்னொன்று. ஏரிக்கரையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் மறுநாள் காலை என்னைத் தனியாக ஓரங்கட்டினார். எங்கள் பருத்திப்பட்டு ஏரியைக் கரை கட்டி, நடைபாதை போட்டு 2019-இல் பசுமைப் பூங்காவாக்கித் தந்த பிறகு, ஊர் ரகசியங்கள் எல்லாம் அங்கேதான் கைமாறுகின்றன. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். எப்ப ரெடியாகும்?” என்றார். சுவருக்கு என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஏமாந்தும் போனார்.

அந்தச் சாந்து சுவரிலும் நிற்கவில்லை. பெயர்த்தது போக மிச்சமிருந்த சிமென்டுப் பூச்சின் மேலேயும் சேர்த்துப் பூசியிருந்தேன். வழவழத்த சிமென்டில் சுண்ணாம்புக்குப் பிடிமானம் கிடையாது. ஈரம் காயாமல் நாள் கணக்கில் காப்பாற்றவும் எனக்குப் பொறுமை இல்லை, மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தேன். ஒரு ராத்திரி மொத்தமும் தடாலென்று கழன்று விழுந்தது. திருடன் என்று நினைத்து எழுந்தோம். திருடன் வந்திருந்தால் சுவர் அப்படியே இருந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் ஊர் ஆயா ஒருவர் வீட்டுக் கதவின் மேல் என் கண் விழுந்தது. பருத்திப்பட்டு பழைய ஊருக்குள் இன்னும் சில ஓட்டு வீடுகள் மிச்சம். ஆயாவுடையது திண்ணை வைத்த வீடு. மேலே சீமை ஓடு. ஜெர்மன் பாதிரிமாரின் பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஆரம்பித்துவைத்த ஓட்டுத் தொழிலின் வாரிசுகள். வாசலில் ஒற்றைக் கதவு. பச்சைப் பெயின்ட் அடித்தது. சாதாரணப் பச்சை இல்லை, ஆவடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், டாங்கிப் பச்சை. விளக்கில் மிஞ்சிய எண்ணெயை ஆயா எப்போதும் அந்தக் கதவில்தான் துடைப்பார். பொங்கலுக்குப் பொங்கல் காவியும் சுண்ணாம்பும் நிலைக்கு அடிப்பார். மற்றபடி அதை அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அந்தப் பச்சைக்குள் என்ன மரமோ என்று எனக்கு உப்புத்தாள் கை அரித்தது. விலைக்குக் கேட்டேன்.

“கதவ உனக்குக் குடுத்துட்டு நாயி பூராம நான் வாசல்ல குந்திக்கினு இருக்கவா?” என்றார் ஆயா.

புதுக் கதவு போட்டுத் தருகிறேன் என்றேன். இந்த மாதிரி வீடு இனிமேல் கிடைக்காது, ஓட்டு வீட்டின் குளிர்ச்சி கான்கிரீட்டில் வராது, இடித்துவிடாதீர்கள் என்று கொஞ்சம் பேசினேன். முட்டுக்காட்டில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கூட்டுல மழைக்கு ஒழுவுமா தம்பி?”

“இல்ல ஆயா.”

“பூன ஓட்ட நவுத்திட்டுப் போனா ராவெல்லாம் குண்டான் வெப்பியா?”

“இல்ல ஆயா.”

“எங்கூட்டுல வெக்கிறேன். ஓடு மாத்த ஆளு கெடைக்கல. எம்புள்ள லோன் போட்டு மெத்த வூடு கட்டப்போறான். நீ ஓட்டு வூடு நல்லா இருக்குன்ற. வா, வந்து இரு, சாவி தரேன்.”

பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வாங்கிக் குவித்த கதவும் ஜன்னலும் எல்லாம் இப்படி மழைக்கு ஒழுகிய ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தவைதானே. ஒழுகல் அங்கேயே நின்றுவிட்டது. அழகு மட்டும் டெம்போ ஏறி என் வீட்டுக்கு வந்தது. கூரை ஒழுகாதவனுக்குத்தான் ரஸ்டிக்கில் ஆசை வருகிறது. ஒழுகுகிறவருக்கு அது வீடு, அவ்வளவுதான். அவர் அதில் எண்ணெய்க் கையைத் துடைக்கிறார், உடைந்த ஓட்டை மாற்றுகிறார், கதவைத் திறந்து மூடுகிறார். அதனாலேயே அது இத்தனை காலம் நின்றது. நான் கதவைக் கதவு வேலையிலிருந்தும், நாற்காலியை நாற்காலி வேலையிலிருந்தும் ஓய்வுபெறவைத்து அலங்காரம் செய்தேன். பணி ஓய்வு என்ன செய்யும் என்பதற்கு நானே உதாரணமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆயாவின் மகன் வீடு கட்ட ஆரம்பித்தார். பழைய மரத்தை வாசலுக்கு வைக்கக் கூடாது என்று வாஸ்து பார்க்க வந்தவர் சொன்னாராம். “கதவு பழசு. நெலம் மட்டும் போன வாரம் வாங்கியாந்ததா?” என்று ஆயா கேட்டதில் அவர் மேற்கொண்டு பேசவில்லை. அதே நிலை, அதே கதவு என்று முடிவாயிற்று. எங்கள் ஆசாரிதான் வேலைக்கு வந்தார். நிலைச் சட்டத்தின் அடிப்பக்கம் ஈரத்தில் உளுத்திருந்தது. உளுத்த அளவை மட்டும் அறுத்தெடுத்து, அதே கனத்தில் புதுக்கட்டை சேர்த்து, கழுந்து இறக்கி, மர ஆணி அடித்தார். பச்சைப் பெயின்டைத் தொடவே இல்லை. அடியில் என்ன மரம் என்று கேட்டேன். “அது எதுக்கு சார்? நல்ல மரம்” என்றார்.

வாசக்கால் நிறுத்துகிற அன்றைக்கு எனக்கும் அழைப்பு வந்தது. ஆயா சொல்லியனுப்பியது இப்படி: “அந்தத் தம்பிய வரச் சொல்லு. தேய்க்கிற தாள மட்டும் ஊட்லயே வெச்சிட்டு வரச் சொல்லு.” வைத்துவிட்டுப் போனேன். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நிலையை நிமிர்த்தினார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆசாரி குண்டுநூல் பிடித்துப் பார்த்தார், கயிற்றை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். எனக்குப் பழைய உத்தியோகம் நினைவு வந்து, பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. “அண்ணே, மூலை சரியா இருக்கு” என்றேன்.

“தெரியும் சார். முனைய வுடாதீங்க” என்றார்.

விடவில்லை. அந்த அளவுக்கு நான் தேறியிருக்கிறேன். அப்பா நாற்காலி தையில் ஒருவழியாக மூட்டம் தெளிந்தது. நான் குறுக்கே போட்ட கோடுகள் மட்டும் பாலிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரிகின்றன. அதில் தினமும் உட்காருவது என்று வைத்திருக்கிறேன், கை எப்போது கறுக்கும் என்று பார்க்க. சுவருக்குச் சாதாரண சிமென்டே பூசியாயிற்று. இனி எதையும் தொடுவதில்லை என்று மனைவியிடம் சத்தியமும் செய்திருக்கிறேன். ஆனால் அவளுடைய கால் மிதி தையல் மெஷின் ஒன்று ஜன்னலோரம் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது, இன்றைக்கும் ஓடுகிறது. அதன் மேல்பலகை எனக்கென்னவோ பர்மா தேக்கு மாதிரிதான் தெரிகிறது. ஓரத்தில் துளியூண்டு சீவி முகர்ந்து பார்த்துவிடலாம். விடமாட்டேன் என்கிறாள்.